நேர்மையில் முட்டை வாங்கியவர்

எங்கள் அலுவலகத்தில் நேர்மைக்கு ஓட்டெடுப்பு நடந்தது. சிரிக்காதீர்கள், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

கடைத் தராசு, எடைக்கல், துணி அளக்கும் கோல், பெட்ரோல் ஊற்றும் குழாய் எல்லாம் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்துப் பார்த்து முத்திரை அடிப்பது எங்கள் வேலை. சோதிப்பது, முத்திரை அடிப்பது என்று சட்டத்தில் இரண்டு வேலை எழுதியிருக்கிறது. இரண்டாவதை நாங்கள் குறையில்லாமல் செய்துவந்தோம். இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் தலைமை அலுவலகத்தில் யாருக்கு என்ன வேகம் வந்ததோ, மூன்று பக்கத்துக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட்டார்கள். நேர்மை வாரம் கொண்டாட வேண்டுமாம். ஒவ்வொரு கிளையிலும் ரகசிய ஓட்டெடுப்பு நடத்தி, இருப்பவர்களில் மிக நேர்மையானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். அவருக்குச் சான்றிதழ் உண்டு, வாசலில் ஒரு வருடத்துக்கு அவர் படம் மாட்டப்படும்.

எங்கள் ஆபீசில் எந்தச் சுற்றறிக்கையையும் முதல் பக்கத்துக்கு மேல் படிக்கும் வழக்கம் கிடையாது. முதல் பக்கத்தில் விஷயம் இருக்கும், மற்றப் பக்கங்களில் மிரட்டல் இருக்கும். மிரட்டலை யார் காசு கொடுத்துப் படிப்பார்கள்? ஓட்டுப் போட வேண்டும் என்ற அளவுக்குப் புரிந்துகொண்டு கீழே கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டோம்.

நான் கோப்பறைக்காரன். கேட்ட கோப்பைத் தேடி எடுத்துக் கொடுப்பது என் வேலை, தேடினேன் கிடைக்கவில்லை என்று சொல்வது என் அனுபவம். பத்தொன்பது வருடமாக அந்தத் தூசியில் உட்கார்ந்திருப்பதால் எனக்கு இரண்டு விஷயம் வாய்த்தது. ஒன்று இருமல். இன்னொன்று, யார் கையெழுத்து எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் திறமை. அதனால்தான் ஓட்டு எண்ண என்னைக் கூப்பிட்டார்கள்.

ஓட்டுப் பெட்டிக்கு எங்கே போவது? வாசலில் புகார்ப் பெட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் சாவியைக் கடைசியாகப் பார்த்தவர் ஓய்வு பெற்றே ஆறு வருடம் ஆகிறது. பூட்டை உடைத்துத் திறந்தால் உள்ளே குளவிக் கூடு, இரண்டு மிட்டாய்த் தாள், எங்களைப் பற்றிய புகார்கள் ஒரு கட்டு. குளவியை மட்டும் எச்சரிக்கையோடு அப்புறப்படுத்திவிட்டு, மற்றதையெல்லாம் குப்பையில் கொட்டி, பெட்டியை நேர்மைக்குத் தயார் செய்தோம்.

இயக்குநரிலிருந்து வாசல் காவலர் வரை மொத்தம் முப்பத்தொரு பேர். முப்பத்தொரு சீட்டு விழுந்தது. நானும் சூப்பிரண்டம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினோம். நான் பெயரைப் படிக்க, அந்த அம்மா பட்டியலில் கோடு போடவேண்டும். முதல் சீட்டில் டைப்பிஸ்ட் பெயர் இருந்தது. டைப்பிஸ்ட் கையெழுத்து. இரண்டாவதில் வாசல் காவலர் பெயர் இருந்தது. வாசல் காவலர் கையெழுத்து. மூன்றாவது டிரைவர். ஏழாவது சீட்டில் இயக்குநர் பெயர், பச்சை மையில். எங்கள் ஆபீசில் பச்சை மை ஒரே ஒரு பேனாவில்தான் உண்டு. பத்தாவது சீட்டுக்கு மேல் நானும் சூப்பிரண்டம்மாவும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்திக்கொண்டோம். அந்த அம்மாவின் சீட்டும் அதில்தானே இருந்தது. என்னுடையதும்தான். ஆமாம், நானும் என் பெயரைத்தான் எழுதினேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எனக்கு நான் போடாவிட்டால் வேறு எவன் போடுவான் என்று நினைத்தேன்.

எவனோ போட்டிருந்தான்!

இருபத்தாறாவது சீட்டு. என் பெயர். என் கையெழுத்து இல்லை. அச்சடித்தது மாதிரி சின்னச் சின்னதாக, நேர்நேராக நிற்கும் எழுத்து. என் கல்யாணத்தன்றுகூட யாரும் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னது கிடையாது. பத்தொன்பது வருடத்தில் என்னை வாயாடி என்றார்கள், சோம்பேறி என்றார்கள், தொலைந்துபோன கோப்புகளுக்கெல்லாம் நான்தான் காரணம் என்றார்கள். அதில் பாதி உண்மையும்கூட. இப்போது ஒரு மனுஷன் தனியாக உட்கார்ந்து யோசித்து, முப்பத்தொரு பேரில் என்னைப் பொறுக்கி எடுத்திருக்கிறான்.

கடைசியில் கணக்கு இப்படி வந்தது. இருபத்தொன்பது பேருக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு. எனக்கு இரண்டு. ஒரே ஒரு ஆளுக்கு முட்டை.

அந்த ஆள் தராசுக்காரர். எங்கள் சோதனை அறையில் பித்தளை எடைக்கற்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். வருகிற தராசில் உண்மையிலேயே கல்லை வைத்துப் பார்க்கிற ஒரே பிரகிருதி. அவர் பார்த்து முடிக்கும்வரை கடைக்காரன் காத்திருக்கவேண்டும் என்பதால் அவர் அறைப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். எனக்கு விழுந்த இரண்டாவது ஓட்டு அவருடைய எழுத்து.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், ஆபீசிலேயே மிக நேர்மையானவன் நான் என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். உட்கார்ந்து சிரித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தண்ணீர் குடித்துவிட்டு வந்து சிரித்தாள். அதோடு விட்டாளா? அவள் அண்ணனுக்குப் போன் போட்டு, "அண்ணா, ஒரு விஷயம் சொல்றேன், உக்காந்துக்க" என்று ஆரம்பித்தாள். மச்சான் சிரித்தது எனக்கு இரண்டு அறை தாண்டிக் கேட்டது.

இதோடு முடிந்திருந்தால் என் படம் வாசலில் தொங்கியிருக்கும், காக்கை எச்சம் போட்டிருக்கும். ஆனால் சுற்றறிக்கையோடு ஒரு படிவம் தைத்து அனுப்பியிருந்தார்கள். அதை நிரப்பும்போதுதான் வில்லங்கம் தெரிந்தது. முதல் கட்டம், வென்றவர் பெயர். இரண்டாவது, அவர் பெற்ற ஓட்டு. மூன்றாவது, மிகக் குறைந்த ஓட்டுப் பெற்றவர் பெயர். நான்காவது, அவர்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை. கீழே தடித்த எழுத்தில், எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது.

கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றால் எங்கள் ஆட்கள் உயிரைக் கொடுத்தாவது நிரப்பிவிடுவார்கள். அதுவும் அடுத்தவன் உயிர் என்றால் கேட்கவே வேண்டாம். மறுநாள் காலைக்குள் தராசுக்காரர் பெயர் மாறிவிட்டது. முட்டை என்றார்கள். "ஒரு ஓட்டுகூட இல்லன்னா சும்மாவா? முப்பது பேரும் ஒரே மாதிரி தப்பா நெனப்பாங்களா?" என்று டைப்பிஸ்ட் கேட்டார். தன் பெயரைத் தானே எழுதிக்கொண்ட முப்பது பேரும் அதற்குத் தலையாட்டினார்கள். ஆளாளுக்கு ஞாபகம் வர ஆரம்பித்தது. அவர் யாரோடும் டீ குடிக்க வருவதில்லை, ஏன்? கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிறார், உள்ளே என்ன நடக்கிறது? பத்து மணிக்கு வரவேண்டிய இடத்துக்குப் பத்து மணிக்கே வருகிறார், என்ன அவசரம்?

விசாரணைக் குழு போட்டார்கள். நேர்மையில் முதலிடம் பெற்றவர்தான் தலைவராக இருக்கவேண்டும் என்றார் இயக்குநர். அதாவது, நான். உறுப்பினர்கள் இரண்டு பேர். சூப்பிரண்டம்மா, அப்புறம் மூத்த ஆய்வாளர். மூத்த ஆய்வாளரை நாங்கள் மோதிரக்காரர் என்போம். ஆய்வுக்குப் போன ஒவ்வொரு கடைத்தெருவும் அவர் விரலில் ஞாபகமாக இருந்தது.

குற்றம் நிரூபணமானால் என்ன என்று இயக்குநர் முதலிலேயே முடிவு செய்து வைத்திருந்தார். கடைசிக் கிளைக்கு மாற்றல். ரயிலில் ஒரு பகல், பிறகு பஸ், பிறகு படகு. அந்தக் கிளையில் ஒரு நாற்காலியும் ஒரு தராசும் உண்டு, அதில் தராசு வேலை செய்யாது. யாருக்கும் அது பெரிய தண்டனையாகத் தோன்றவில்லை. அவர் வீட்டில் பக்கவாதத்தில் விழுந்த அண்ணன் இருக்கிறார் என்பதும், அந்த அண்ணனுக்கு இவரைத் தவிர நாதி இல்லை என்பதும் ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் யாரும் பேசவில்லை.

விசாரணை அன்று தராசுக்காரர் வந்து எதிரில் உட்கார்ந்தார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. மோதிரக்காரர் மேசைமேல் ஒரு தடிமனான நோட்டை வைத்தார். அது அலுவல் நேரத்தில் வெளியே போகிறவர்கள் எழுதிவைக்கவேண்டிய பதிவேடு.

"தினமும் மத்தியானம் பன்னண்டு அம்பதுக்குக் கெளம்பி ஒண்ணரைக்கு வர்றீங்க. எங்க போறீங்க?"

"வீட்டுக்குங்க. அண்ணனுக்குச் சாப்பாடு ஊட்டணும்."

"தினமுமா?"

"அவருக்குத் தினமும் பசிக்குதுங்களே."

மோதிரக்காரர் பக்கங்களை விசிறிமாதிரி புரட்டிக் காட்டினார். "பதினோரு வருஷம். இந்த நோட்டு முழுக்க ஒரே பேரு, உங்க பேரு. வேற யாரும் வெளிய போனதுக்கு ஆதாரமே இல்ல. அப்போ இந்த ஆபீஸ்ல வேலை நேரத்துல ஊர் சுத்துற ஒரே ஆள் நீங்கதானே?"

என்ன அழகான வாதம் பாருங்கள். அந்த மோதிரக்காரர் போன மாதம் மூன்று நாள் மைத்துனி வீட்டு விசேஷத்துக்குப் போய்வந்தார். நோட்டில் ஒரு புள்ளி கிடையாது.

"எல்லாரும் எழுதணும்னு நெனச்சேங்க" என்றார் தராசுக்காரர்.

"சரி, ஒங்களுக்கு ஏன் ஒருத்தர்கூட ஓட்டுப் போடல?" இது சூப்பிரண்டம்மா.

"அதைப் போடாதவங்ககிட்டதான் கேக்கணும்."

"திமிரப் பாருங்க!" மோதிரக்காரர் மேசையைத் தட்டினார். "அட, அவங்கள விடுங்க. உங்களுக்கே நீங்க போட்டுக்கலையே! உங்கமேல உங்களுக்கே நம்பிக்கை இல்லன்னா நாங்க எப்படிய்யா நம்புறது?"

தராசுக்காரர் என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். அவர் முகத்தில் நிஜமான குழப்பம் இருந்தது. "போடக் கூடாதுன்னு இருக்குங்களே. ரெண்டாம் பக்கத்துல. தன் பேரைத் தானே எழுதினா ஒழுங்கு நடவடிக்கைன்னு போட்டிருக்கு."

சூப்பிரண்டம்மா கோப்பைத் திறந்து சுற்றறிக்கையை எடுத்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். படித்தார். மறுபடி படித்தார். பிறகு எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். மோதிரக்காரர் கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.

முப்பத்தொரு ஓட்டில் முப்பது செல்லாது. செல்லுகிற ஒரே ஓட்டு அவர் போட்டது. அது எனக்கு விழுந்தது. அதாவது சட்டப்படி பார்த்தாலும் நான்தான் வெற்றி பெற்றவன், அதே சட்டப்படி நடவடிக்கைக்கு உரிய முப்பது பேரில் ஒருவனும் நான்தான். இப்படி ஒரு கௌரவம் எவனுக்குக் கிடைக்கும்?

தராசுக்காரரை வெளியே அனுப்பிவிட்டு மூன்று பேரும் இயக்குநர் அறைக்கு ஓடினோம். நான் ஒரு முட்டாள், இனிமேல் அவரைத் தொடமாட்டார்கள் என்று நினைத்தேன். இயக்குநர் இரண்டாம் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது அவனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்னுதான் சொல்றாரு ஐயா."

"தெரிஞ்சும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. முப்பது பேரு தப்புப் பண்றதைப் பாத்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கான். என்ன நெஞ்சழுத்தம்! கூட வேலை செய்யறவங்களைக் குழியில தள்ளுற ஆளை எப்படிங்க இங்க வச்சுக்கறது? ஒன்பது நாள் அவகாசம் குடுத்து ஆர்டர் போடுங்க."

மற்ற இரண்டு பேரும் "ஆமாய்யா" என்றார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. என் சீட்டும் அந்தக் கட்டில்தானே இருந்தது.

ஆனால் கோப்பறைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. நான் நல்லவன் இல்லை, அதைப் பற்றி எனக்குச் சந்தேகமும் இல்லை. இருந்தாலும் என்னை நல்லவன் என்று ஒருவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்தப் பாவியைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் வாசலில் படமாகத் தொங்குவதா? அவர் போய்விட்டால் அந்த அண்ணன் எத்தனை நாள் தாங்குவார்? எரிச்சலாக வந்தது. இந்த மனுஷனை யார் இரண்டாம் பக்கம் படிக்கச் சொன்னது?

ஒரு மணி நேரம் அந்த ஓட்டுப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. நேரே இயக்குநரிடம் போனேன்.

"ஐயா, ஒரே ஒரு சீட்டு மாறினா போதும். எனக்கு அவர் போட்ட ஓட்டை எடுத்துட்டு, அவர் பேருல ஒரு சீட்டை வச்சுட்டா எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. குறைஞ்ச ஓட்டு வாங்கினவர்னு யாருமே இல்ல. முதல் கட்டத்துல 'அனைவரும்', மூணாவதுல 'எவரும் இல்லை', நாலாவதுல 'தேவை எழவில்லை'ன்னு எழுதலாம். காலியா இருக்காது."

"தலைமை அலுவலகத்துல சந்தேகப்பட்டா?"

"எதுக்குப் படப்போறாங்க? ஒவ்வொருத்தரும் இன்னொருத்தருக்குப் போட்டா மாதிரிதானே தெரியும்? ஒருத்தர்கூட விடுபடாம முப்பத்தொரு பேரும் ஒருத்தரையொருத்தர் நம்புற ஆபீஸ் வேற எங்கய்யா இருக்கு?"

இயக்குநர் என்னை முதன்முறையாக உட்காரச் சொன்னார். "ஆனா சீட்டு அவன் கையெழுத்துல இருக்கணும். நாளைக்கு யாராவது கேட்டா, நான் எழுதலன்னு அவன் சொல்லிடக் கூடாது. அவன் சம்மதிப்பானா? அந்த மாதிரி ஆளுங்ககிட்ட இதுதான் தொல்லை."

எனக்கும் அதுதான் பயம். உங்கள் பிழைப்புக்காக ஒரு பொய்ச் சீட்டு எழுதுங்கள் என்று அந்த மனுஷனிடம் எந்த வாயால் கேட்பது? இரவெல்லாம் பேச்சைத் தயார் செய்தேன். அண்ணன் முகத்தைப் பாருங்கள் என்று ஆரம்பிக்கவேண்டும். ஒரு உயிரைக் காப்பாற்றுகிற பொய் பொய்யே இல்லை என்று நடுவில் வரவேண்டும். அவர் கோபப்பட்டால் காலில் விழவும் தயாராக இருந்தேன். என் முழங்கால் இருக்கிற நிலையில் அது சின்ன விஷயம் இல்லை.

மறுநாள் மத்தியானம் அவர் பின்னாலேயே அவர் வீட்டுக்குப் போனேன். கீழ்த்தளத்தில் ஒரே அறை, ஒரு ஜன்னல். ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் லாரி ஓட்டியவராம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சில் நோய் அவருக்கு மிச்சம் வைத்தது ஒரே சொல், "சரி". அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் எங்கள் ஆபீசில் சேர்ந்திருந்தால் இயக்குநர்வரை போயிருக்கலாம்.

தராசுக்காரர் கை கழுவிவிட்டு வந்து, அண்ணன் கழுத்தில் துண்டைச் சுற்றி, கஞ்சியை ஸ்பூனால் ஊட்ட ஆரம்பித்தார். ஒரு வாய் உள்ளே போனால் பாதி வெளியே வந்தது. அதை ஸ்பூன் விளிம்பால் வழித்து மறுபடி உள்ளே கொடுத்தார்.

பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "என் பேரை ஏன் எழுதினீங்க?" என்று கேட்டுவிட்டேன். அதுதான் என் நெஞ்சில் கிடந்தது.

அவர் ஸ்பூனை நிறுத்தாமல் சொன்னார். "அண்ணன் விழுந்த புதுசுல ஆபீஸ்ல எல்லாரும் விசாரிச்சாங்க சார். கையப் பிடிச்சுக்கிட்டு, 'உச்' கொட்டி, என்ன உதவின்னாலும் கேளுங்கன்னு சொல்லுவாங்க. மறுநாள் அதே ஆளு, 'ஆமா, உங்க வீட்ல யாருக்கோ முடியலையாமே, அம்மாவா?'ன்னு கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் போற போக்குல 'அண்ணன் எப்படி இருக்காரு?'ன்னு கேட்டுட்டு, பதிலுக்குக்கூட நிக்காம போயிட்டீங்க. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. அக்கறை இல்ல, இருக்கிற மாதிரி காட்டிக்கவும் இல்ல. அந்த ஆபீஸ்ல அதுக்கு மேல யோக்கியமா யாரும் எனக்குத் தெரியல."

"சரி" என்றார் அண்ணன்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அது பாராட்டா, செருப்படியா? இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அழுகை வருகிறமாதிரி இருந்தது. இவ்வளவு சரியாக நிறுத்துப் பார்க்கிற மனுஷனிடமா நான் கள்ளச் சீட்டைக் கொண்டு வந்திருக்கிறேன்?

கொண்டுவந்த வெற்றுச் சீட்டை எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். தயார் செய்த பேச்சில் முதல் வரியைத் தொடங்கினேன். "உங்க மாதிரி ஆளுக்கு இது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்..."

"பேனா இருக்குங்களா?" என்றார் அவர்.

கொடுத்தேன். ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தார். சீட்டைத் தொடைமேல் வைத்து, அந்த நேர்நேரான எழுத்தில் தன் பெயரை எழுதினார். மை காய ஒருமுறை ஊதினார். மொத்தம் எச்சில் விழுங்கும் நேரம்கூட ஆகவில்லை.

"பழைய சீட்டு எங்க?"

அது என் சட்டைப் பையில் இருந்தது. அதை நான் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். யாருக்கும் காட்டாமல் வீட்டில் ஒரு டப்பாவுக்குள் போட்டுவைக்கலாம் என்று ஒரு ஆசை. அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். நாலாகக் கிழித்து, கஞ்சி துடைத்த காகிதத்தோடு சேர்த்துச் சுருட்டினார்.

"ரெண்டும் இருந்தா ஆபத்து சார்" என்றார்.

"இவ்வளவு சுலபமா எழுதிட்டீங்களே" என்றேன். என்னையும் மீறி என் குரலில் கோபம் வந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் பொய் சொல்ல மாட்டேன்னு நீங்களாத்தான் நெனச்சுக்கிட்டீங்க. பதினோரு வருஷத்துல என்கிட்ட யாராவது வந்து கேட்டீங்களா? எதுன்னாலும் உங்களுக்குள்ளயே பேசி முடிச்சுக்குவீங்க. டீக்குக்கூடக் கூப்பிட மாட்டீங்க. நான் மட்டும் உள்ள உக்காந்து என்ன பண்றது? கல்லை வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அண்ணன் "சரி, சரி" என்றார். அது அடுத்த வாய்க்கு.

படிவம் போனது. இரண்டு வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. சக ஊழியர் ஒவ்வொருவர்மீதும் இன்னொரு சக ஊழியர் நம்பிக்கை வைத்திருக்கும் ஒரே கிளை எங்களுடையதாம். மற்றக் கிளைகள் எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். தனி ஆள் படத்துக்குப் பதிலாக முப்பத்தொரு பேரையும் நிற்கவைத்துக் குழுப்படம் எடுத்து வாசலில் மாட்டினார்கள். இயக்குநர் நடுவில். தராசுக்காரரைத் தோளில் கைபோட்டு இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டவர் மோதிரக்காரர். "நம்ம ஆளுய்யா இவரு, நான் அப்பவே சொல்லல?" என்றார். மாற்றல் ஆர்டர் வெளியே போகாமலே என் கோப்பறைக்கு வந்தது. அதைத் தொலைத்துவிட்டேன். அது ஒன்றைத்தான் நான் வேண்டுமென்றே தொலைத்தேன்.

இப்போதெல்லாம் தராசுக்காரர் பதினொரு மணி டீக்கு வருகிறார். நன்றாகப் பேசுகிறார், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார். போன வாரம் மோதிரக்காரர் அவரை ஆய்வுக்குக் கடைத்தெருப் பக்கம் அழைத்துப் போனார். நாற்பது தராசு பார்க்கவேண்டும், ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு இரண்டு பேரும் கை வீசிக்கொண்டு திரும்பி வந்தார்கள். என்னைக் கண்டதும், "என்ன சார், உங்க இருமல் எப்படி இருக்கு?" என்று தராசுக்காரர் நின்று கேட்டார். 'உச்' கொட்டினார். என்ன உதவி வேண்டுமானாலும் கேட்கச் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்தவன் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தேன்.

"ஏங்க, ஒரு மனுஷன் வேலையக் காப்பாத்தினீங்க, ஒரு குடும்பத்தைக் காப்பாத்தினீங்க. அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் வீட்டுக்காரி.

அவளிடம் மறைக்கத் தோன்றவில்லை. "உலகத்துலயே ஒரே ஒருத்தர்தான் என்னை யோக்கியன்னு நம்பி எழுதினாரு. அந்த மனுஷனை என் கையாலயே பொய் சொல்ல வச்சுட்டேன். மனசு ஆறவே மாட்டேங்குது."

அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஏதோ ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அட, நீங்க வேற. ஒங்க பேரை எழுதினாரு பாருங்க, அந்த மனுஷன் பொய்ய அப்பவே ஆரம்பிச்சுட்டாருங்க" என்று சொல்லிவிட்டு, அவள் அண்ணனுக்குப் போன் போட எழுந்து போனாள்.